பிரிந்து நில் என்றால் நிற்காத பிள்ளைகள்: ஆறு வார வகுப்பு நடத்துவது எப்படி

1997 மார்ச் 18, இரவு. ருவாண்டாவில் நியாங்கே என்ற ஊரில் ஒரு மேல்நிலைப்பள்ளி. சாப்பிட்டுவிட்டு வந்து பிள்ளைகள் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆயுதத்தோடு ஒரு கூட்டம் உள்ளே புகுந்து, அந்நாட்டின் இரண்டு இனக்குழுக்களின் பெயரைச் சொல்லி, ஹூட்டுகள் ஒரு பக்கம் போங்கள், துட்சிகள் ஒரு பக்கம் போங்கள் என்று உத்தரவு போட்டது. யாரும் நகரவில்லை. இங்கே ஹூட்டுவும் கிடையாது, துட்சியும் கிடையாது, நாங்கள் எல்லாரும் ருவாண்டாக்காரர்கள் என்று அந்தப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். சுட்டார்கள், குண்டு வீசினார்கள், சிலர் இறந்துபோனார்கள். இன்று அந்த வகுப்புப் பிள்ளைகள் ருவாண்டாவின் தேசிய வீரர்கள் வரிசையில் இருக்கிறார்கள்.

அதே நாட்டில் மூன்று வருடம் முன்னால், 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களில், ஹூட்டு தீவிரவாதிகளால் ஐ.நா. கணக்குப்படி 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சிகள், கொல்லப்பட்டார்கள், ருவாண்டா அரசு 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது. கொன்றவர்களில் முன்னால் நின்ற இன்டரஹாம்வே படை, ஆளுங்கட்சியின் இளைஞர் அணியாகத் தொடங்கியது. அவர்களும் இளைஞர்கள்தான், நியாங்கே பிள்ளைகளும் இளைஞர்கள்தான். வெறுப்பை வளர்க்கிறவர்கள் பிள்ளைகளைத் தேடி முதலில் வந்துவிடுகிறார்கள், நாம் தாமதமாகப் போகிறோம். அதனால்தான், வெறுப்புக்கு இணங்காமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு வகுப்பைப் பற்றி இதை எழுதுகிறேன்.

நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், நூலகத்தில் வாசிப்பு வட்டம் நடத்துபவராக இருக்கலாம், ஊரில் கபடிக் குழுவுக்குப் பயிற்சி தருபவராகக்கூட இருக்கலாம். 14 வயதுக்கு மேல் பதினைந்து இருபது பிள்ளைகள், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம் போதும். பெற்றோருக்கு என்ன பேசப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதியில் வந்து சண்டை போடுவதைவிட முதலில் கேள்வி கேட்பது நல்லது. முக்கியமான விஷயம், ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே மதம் என்று குழு அமைந்துவிடக் கூடாது. அது தானாக நடக்காது, நீங்கள்தான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும்.

இனப்படுகொலை என்றால் என்ன என்ற விளக்கத்தோடு முதல் வகுப்பைத் தொடங்காதீர்கள். ரஃபேல் லெம்கின் 1944இல் அந்தச் சொல்லை உருவாக்கினார், 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதைக் குற்றமாக அறிவிக்கும் உடன்படிக்கையை ஏற்றது, இதெல்லாம் அவசியம்தான், ஆனால் நான்காவது வாரம் சொன்னால் போதும். பிணங்களின் படங்களையும் காட்டாதீர்கள். பார்த்த பிள்ளை இரண்டு நாள் தூங்காது, அப்புறம் அது ஏதோ அரக்கர்கள் செய்த காரியம், நமக்குச் சம்பந்தமில்லை என்று மனசு ஒதுக்கிவிடும்.

ஒரு அட்டையிலிருந்து தொடங்குங்கள். பெல்ஜியம் ருவாண்டாவை ஆண்டபோது, 1930களில், ஒவ்வொருவரும் ஹூட்டுவா துட்சியா, மூன்றாவது சிறு குழுவான த்வாவா என்று எழுதிய அடையாள அட்டையைக் கொடுத்தது. ஒரே மொழி பேசி, ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். அட்டையில் இருந்த ஒரு சொல், ஆள் வீடு போய்ச் சேர்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்தது. இதைச் சொல்லிவிட்டு, வெற்று அட்டை ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, உன்னைப் பற்றி மற்றவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பது எது, நீயாக முதலில் சொல்ல நினைப்பது எது என்று இரண்டு பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். பையில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் கையில் கட்டும் கயிற்றைப் பற்றிப் பேச்சு தானாகவே வரும். நம் தென்மாவட்டப் பள்ளிகளில் எந்த நிறக் கயிறு எந்தச் சாதிக்கு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறும் ருவாண்டா அட்டையும் ஒன்று என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அளவில் இரண்டும் ஒன்றில்லைதான். பார்த்ததும் யார் என்று பிரித்துவிட முடிகிறது என்பதால் யாருக்கு வசதி என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த இரண்டு வாரம் வார்த்தைகளுக்கு. இதில் அவசரப்படாதீர்கள், முழு வகுப்பிலும் சத்தானது இதுதான். ருவாண்டாவில் ஹூட்டு தீவிரவாதிகள் 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, நல்ல பாட்டும் கிண்டலும் அரட்டையுமாக இளைஞர்கள் விரும்பிக் கேட்ட வானொலி. அதன் நடுவேதான் துட்சிகளை ‘இன்யென்சி’ என்றார்கள், கரப்பான் பூச்சி என்று பொருள். கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வேலை’. காங்குரா என்ற பத்திரிகை, கரப்பான் பூச்சிக்கு வண்ணத்துப்பூச்சி பிறக்காது என்று எழுதியது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம் இல்லையா, அதே கட்டமைப்புதான், திருப்பிப் போட்டால் ‘அவனுங்க ரத்தத்திலேயே அது ஊறியிருக்கு’ என்று ஆகிவிடும். இந்த வானொலியையும் பத்திரிகையையும் நடத்தியவர்களை, ருவாண்டா குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது, கத்தியைத் தூக்காதவர்களும் குற்றவாளிகள் ஆனார்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வீட்டுப்பாடம் ஒன்று. ஒரு வாரம் முழுக்க, தாங்கள் கேட்கிற வார்த்தைகளை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: பேருந்தில், வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில், வாட்ஸ்அப் குழுவில், கிரிக்கெட் மைதானத்தில். யார் சொன்னார்கள் என்று எழுத வேண்டாம், எந்த மனிதர்களைப் பற்றி, எந்தப் பிராணி, எந்த நோய், எந்தக் குப்பையின் பெயரைச் சொன்னார்கள் என்று மட்டும். நோட்டைத் திறந்து எல்லாரும் சேர்ந்து பார்க்கும்போது அறை அமைதியாகிவிடும். வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி, இஸ்லாமியர்களைப் பற்றி, பட்டியலினத்தவர் பற்றி, அகதி முகாமில் இருப்பவர்களைப் பற்றி, எல்லாம் அதில் இருக்கும்.

வகுப்பிலேயே யாராவது அப்படிப் பேசுவார்கள். வெளியே அனுப்பிவிடாதீர்கள். என் குழுவில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வடமாநிலத்துக்காரர்களைச் சொல்லி, ‘அவனுங்க எல்லாருமே அப்படித்தான் சார்’ என்றான். அவர்களில் எத்தனை பேரை உனக்குப் பெயர் சொல்லித் தெரியும், விரல் விட்டு எண்ணு என்றேன். கட்டைவிரலை மடக்கினான், பரோட்டா கடையில் வேலை செய்யும் அண்ணன். இரண்டாவது விரலைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தான். அந்த அண்ணன் எப்படி என்று கேட்டேன், ‘நல்லவர் சார், காசு குறைஞ்சா அப்புறம் குடு என்பார்’ என்றான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவமானப்படுத்தினால் அந்தப் பையன் நம்மை விட்டுப் போவான், அவனைச் சேர்த்துக்கொள்ள வேறு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

நான்காவது வாரம் ஏன் யாரும் தடுக்கவில்லை என்ற கேள்வி வரும். நேராகப் பதில் சொல்லுங்கள். ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டலேர், துட்சிகளின் பெயர்ப் பட்டியல் தயாராகிறது, ஆயுதங்கள் பதுக்கப்பட்டிருக்கின்றன என்று 1994 ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். சோதனை போட அனுமதி கிடைக்கவில்லை. கொலைகள் நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு சபை படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. பிள்ளைகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

பட்டியல் என்றதும் நம் ஆட்களுக்கு 1983 ஜூலை ஞாபகம் வரும், கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். அதைப் பேசுங்கள், பேசியே ஆக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள், யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசம்தான் கொடுத்தார்கள். நம் வலியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ஆத்திரத்தைக் கற்றுக்கொள்ளும். நம் பக்கத்திலும் இது நடக்கக்கூடும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் தன் ஆட்களைத் தடுக்கும் தைரியம் வரும்.

ஐந்தாவது வாரம் பயிற்சி. ஒரு எச்சரிக்கை: கொலைகாரன், பலியானவன் என்று வேடம் கொடுத்து நடிக்க வைக்காதீர்கள், ஒருபோதும். மனசு உடையும், இல்லாவிட்டால் விளையாட்டாகிவிடும். அவர்கள் வாழ்க்கையில் நடக்கிற சின்னச் சின்ன இடங்களை எடுங்கள். மதியச் சாப்பாட்டில் ஒருவனைத் தள்ளி உட்காரச் சொல்கிறார்கள். குழு பிரிக்கும்போது ஒரு தெருப் பையன்களை விட்டுவிடுகிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப்பில் வதந்தி வீடியோ வருகிறது. ஒவ்வொன்றுக்கும், வாயில் வரக்கூடிய, ஐந்தாறு சொல்லுக்குள் அடங்குகிற ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ‘அவன் எங்களோடதான் உட்காருவான்.’ ‘இது எங்கே எடுத்த வீடியோடா?’ ‘அந்த வார்த்தை வேண்டாம், விடு.’ கூச்சம் போகும்வரை சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். முதல் ஆளாகப் பேசுவதைவிட, இரண்டாவது ஆளாக ‘ஆமா, நானும்’ என்பதை அதிகம் பழக்குங்கள். நியாங்கேயில் ஒரு குரல் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீரம் என்றால் ஆயுதத்தின் முன் நெஞ்சைக் காட்டுவது மட்டும்தான் என்ற எண்ணமும் வந்துவிடக் கூடாது. ஜூரா கருஹிம்பி என்ற வயதான நாட்டு வைத்தியப் பெண் ருவாண்டாவில் தன் சின்ன வீட்டில் நூறு பேருக்கு மேல் ஒளித்து வைத்தார். அவர் சூனியக்காரி என்று ஊரில் பேச்சு. அதையே பிடித்துக்கொண்டார். தொட்டால் அரிக்கும் மூலிகையைப் பூசிக்கொண்டு, வளையல்களை ஆட்டி, உள்ளே வந்தால் ஆவி உங்களைத் தின்றுவிடும் என்று கொலைகாரர்களை மிரட்டித் திருப்பி அனுப்பினார். உன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள்: ஒருவனுக்கு எல்லாரையும் சிரிக்க வைக்கத் தெரியும், ஒருத்திக்கு ஆசிரியரிடம் தயங்காமல் போய்ச் சொல்லத் தெரியும், இன்னொருவன் குழுவின் அட்மின்.

ஆறாவது வாரம், ஒருவருக்கொருவர் வீட்டில் சாப்பிடட்டும். உரை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். சில வீடுகள் மறுக்கும், அந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுவிடாமல் பொது இடத்தில் ஒரு சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கூட்டுங்கள். எங்கே பேசினீர்கள் என்று கேட்காதீர்கள், பெருமைக்குப் பொய் வரும். பேச வேண்டிய எந்த இடத்தில் பேசாமல் இருந்துவிட்டீர்கள் என்று கேளுங்கள், முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். அடுத்த ஆள் வாய் திறக்க நாலைந்து நிமிடம் ஆகும். காத்திருங்கள்.