வரலாற்றாசிரியருக்கு எடுக்கும் விருந்தில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் பாஸ்டனில் 1791இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கமும் வூஸ்டரில் 1812இல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியும் நன்கொடையாளர்களால் வளர்ந்தவை. பழைய ஆவணங்களைக் காக்கும் இப்படிப்பட்ட அமைப்பு ஒன்று, அமெரிக்காவின் தொடக்க காலத்தை ஆராய்ந்த ஒருவரைப் பாராட்டி நிதி திரட்டும் விருந்து நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பாராட்டப்படுபவர் வாழ்நாள் முழுக்க ஆதாரத்தைச் சரிபார்த்தவர். அவர் முன்னால் சரிபார்க்காத எதையும் வைக்கக் கூடாது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் மேற்கோள். அழைப்பிதழை அலங்கரிக்க இணையத்தில் அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் ஜெஃபர்சன் பெயரில் ஒரு வரியைத் தேடி எடுத்துவிடுவார்கள். அவர் சொல்லாத வரிகள் அவர் பெயரில் ஏராளமாக உலவுகின்றன. அவருடைய மான்டிசெல்லோ இல்லத்தைப் பராமரிக்கும் அமைப்பே அவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அங்கே ஒருமுறை பாருங்கள்.

சொன்னவர் பெயர் சரியாக இருந்தாலும் பொருள் தவறிப் போகலாம். அமெரிக்க வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் அல்ரிக் 1976இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில், ஒழுங்காக நடந்துகொள்ளும் பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்று எழுதினார். பக்தியோடு அமைதியாக வாழ்ந்து மறைந்த பெண்களை வரலாற்றாசிரியர்கள் கவனிக்கவில்லை என்பதே அவருடைய ஆதங்கம். அதே வரி இன்று டி-ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் 'அடங்கிப் போகாதே' என்ற முழக்கமாக நிற்கிறது. அவரைப் போன்ற ஒருவரைப் பாராட்டும் மேடையில் அந்த முழக்கத்தைத் தொங்கவிட்டால், அவர் மீட்டெடுக்கப் பாடுபட்ட பெண்களையே மறுபடி ஒதுக்கியது போலாகும்.

அலங்காரத்திலும் இதே கவனம் வேண்டும். தொடக்க கால அமெரிக்கா என்றதும் நாடு விடுதலையை அறிவித்த 1776, கொடி, விடுதலை மணி என்று அடுக்கிவிடுகிறார்கள். ஆய்வாளர் எழுதியது 17ஆம் நூற்றாண்டின் பூர்வகுடி மக்களைப் பற்றியோ வர்ஜீனியாவின் அடிமை முறையைப் பற்றியோ இருக்கலாம். அடிமைகள் உழைத்த பண்ணை மாளிகையை 'அழகான இடம்' என்று வாடகைக்குப் பிடிப்பது மிகப் பெரிய பிழை. இடத்தை முடிவு செய்யும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பணம். 500 டாலர் டிக்கெட் வாங்கினால் முழு 500 டாலருக்கும் வரிச்சலுகை உண்டு என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கிடையாது. விருந்தின் சந்தை மதிப்பு 120 டாலர் என்றால் மீதி 380 மட்டுமே நன்கொடைக் கணக்கில் வரும். டிக்கெட்டுக்கு 75 டாலருக்கு மேல் வசூலித்தால், அந்த விருந்தின் மதிப்பை எழுத்தில் தெரிவிப்பது அமைப்பின் சட்டக் கடமை. டிக்கெட்டிலேயே அச்சிட்டுவிட்டால் வேலை முடிந்தது.

டிக்கெட் விலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வங்கி அதிபரைப் பாராட்டினால் அவருடைய நண்பர்கள் மேசை மேசையாக டிக்கெட் வாங்குவார்கள். வரலாற்றாசிரியரின் நண்பர்களோ பழைய மாணவர்கள், ஆவணக் காப்பாளர்கள், பள்ளி ஆசிரியர்கள். அவர்களால் 500 டாலர் தர முடியாது. அவர்கள் இல்லாத அறையில் அவரைப் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்த விலையில் சில இருக்கைகளை ஒதுக்குங்கள். அவற்றை மூலையில் போடாதீர்கள்.

'வரலாற்றைக் காப்போம்' என்று பொதுவாக நன்கொடை கேட்டால், தருகிறேன் என்று கை அவ்வளவாக உயராது. மெய்ன் மாநிலத்தின் ஹாலோவெல்லில் மார்த்தா பல்லார்டு என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் 816 பிரசவங்கள் பதிவாகியிருக்கின்றன. வெறும் அன்றாட விவரம் என்று பலர் ஒதுக்கிய அந்தக் குறிப்பிலிருந்துதான் அல்ரிக் 1991இல் புலிட்சர் பரிசு பெற்ற நூலை எழுதினார். உங்கள் காப்பகத்திலும் யாரும் தொடாத ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். அதைச் சீர்படுத்த இவ்வளவு செலவாகும் என்று தொகையோடு கேளுங்கள். பாராட்டப்படுபவர் பேசி முடித்த சூட்டோடு, இனிப்பு வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நான்கு பேர் வாழ்த்துரை வழங்கி முடித்த பிறகு கேட்டால், பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் மூலப் பிரதியை விருந்து அறைக்குக் கொண்டு வராதீர்கள். மெழுகுவத்தியும் சிவப்பு ஒயினும் இருக்கும் மேசையில் நல்ல நகல் ஒன்று போதும். மூலத்தைப் பார்க்க ஆசைப்படும் நன்கொடையாளரை, மறுநாள் காலை கைகளைக் கழுவிக்கொண்டு வாசிப்பு அறைக்கு வரச் சொல்லுங்கள்.