ஹெர்பிஸ் புரதம் உட்கருவில் ஒளிர்ந்தால் அங்கேயே தங்கிவிட்டது என்று அர்த்தமில்லை

நுண்ணோக்கியில் பார்த்தால் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸின் ஐசிபி27 புரதம் உட்கருவுக்குள் பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள சைட்டோபிளாசம் இருட்டாக இருக்கும். உடனே 'உட்கருப் புரதம்' என்று குறித்துவைத்துவிடுகிறோம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 512 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம், வைரஸின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு) உட்கருவிலிருந்து வெளியேற உதவிவிட்டு மறுபடி உள்ளே வருகிறது. திரும்பும் வேகம் அதிகம் என்பதால் எப்போது பார்த்தாலும் உள்ளேயே இருப்பதுபோல் தெரிகிறது.

சரி, போய்வருவதை எப்படி உறுதிசெய்வது? ஐசிபி27 உள்ள மனித செல்லை, அது இல்லாத எலி செல்லோடு இணைத்துவிடுவார்கள். இப்போது ஒரே சைட்டோபிளாசத்தில் இரண்டு உட்கருக்கள். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் ஹெக்ஸ்ட் சாயத்தில் எலியின் உட்கரு புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அடையாளம் காண்பது எளிது. அதில் ஐசிபி27 தென்பட்டால், மனித உட்கருவிலிருந்து கிளம்பி வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்துப் புதுப் புரத உற்பத்தியை நிறுத்தாவிட்டால் இந்தச் சோதனையே வீண்: சைட்டோபிளாசத்தில் அப்போதுதான் உருவான புரதம் நேராக எலி உட்கருவுக்குள் போய்விடும். உட்கருவை விட்டு நகராத ஹெச்என்ஆர்என்பி சி புரதத்தையும் பக்கத்திலேயே பாருங்கள். அதுவும் எலி உட்கருவில் தெரிந்தால் முடிவை நம்பாதீர்கள்.

அடுத்தது லெப்டோமைசின் பி என்ற மருந்து. உட்கருவிலிருந்து புரதங்கள் வெளியேறும் வழிகளில் இது தடுப்பது சிஆர்எம்1 என்ற ஒரே வழியைத்தான். மருந்து கொடுத்தும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் 'ஏற்றுமதியே இல்லை' என்றோ 'மருந்து வேலை செய்யவில்லை' என்றோ முடிவுகட்ட வேண்டாம். ஐசிபி27, செல்லின் சொந்த ஏற்றுமதிப் புரதமான டேப்போடு சேர்ந்து வேறு வழியாகவும் போகக்கூடியது.

புரதத்தின் சிறு துண்டை ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தோடு ஒட்டிச் சோதிப்பவர்கள் அளவையும் கவனிக்க வேண்டும். ஜிஎஃப்பியின் மூலக்கூறு எடை வெறும் 27 கிலோடால்டன். சுமார் 40-க்குக் கீழ் இருப்பவை எந்தச் சமிக்ஞையும் இல்லாமலே உட்கருத் துளையில் கசிந்துவிடும்.

அப்புறம், நுண்ணோக்கியில் பார்க்கச் செல்லைப் பதப்படுத்தும் முறை. இதே வைரஸின் விபி22 புரதம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லின் உட்கருவுக்குத் தாவுகிறது என்று 1997-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வாளர்கள் பலரும் பரவசப்பட்டார்கள். 2001-இல் வேறொரு குழு, மெத்தனாலில் பதப்படுத்தும்போதே புரதம் இடம்மாறி உட்கருவில் ஒட்டிக்கொள்கிறது என்று காட்டியது. உயிருள்ள செல்களில் அந்தத் தாவலை அவர்கள் காணவில்லை.