முயல் படம் வேண்டாம்: பெரியவர்களுக்கான வாசிப்புத் தாளை நாமே தயாரிப்போம்

முதியோர் எழுத்தறிவு வகுப்பு தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் செய்வது, ஒன்றாம் வகுப்புப் பாடநூலை நகலெடுப்பது. முயல் படத்தின் பக்கத்தில் 'மு' என்று போட்ட தாளை நாற்பது வயதுக்காரரிடம் நீட்டினால் வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் வரமாட்டார். காகிதம், தடித்த பேனா, கத்தரிக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேளுங்கள். எதைப் படிக்க முடியாமல் தடுமாறுகிறார்? மருந்து அட்டையா, வங்கிப் படிவமா, பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்தியா? அவர் சொல்வதுதான் பாடத்திட்டம்.

படி 2: ஒரு சொல்லை உடையுங்கள். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெயிரே 1960களில் இப்படித்தான் செய்தார். செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' என்ற போர்த்துகீசியச் சொல்லை மூன்று அசையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வரிசையையும் காட்டினார். அந்த அசைகளைக் கூட்டிக் கற்பவர்களே புதுச் சொற்களை உண்டாக்கினார்கள். தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். 'மருந்து' என்று எழுதி ம, ர, த வரிசைகளை அட்டைகளில் வெட்டிக் கொடுங்கள். மேலே புள்ளி வைத்த 'ம்' அட்டையும் இருக்கட்டும். மரம், மாதம், தரம், மாதிரி, தாமரை எல்லாம் அதிலிருந்தே கிடைக்கும். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

படி 3: அவர் பேச்சையே பாடமாக்குங்கள். நேற்று நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லி, நான்கு வரியில் எழுதுங்கள். அவர் 'போனேங்க' என்றால் 'போனேங்க' என்றே இருக்கட்டும். இலக்கணம் கெடும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தில் அடுத்த சொல் என்னவென்று அவருக்கு முன்பே தெரியும், அந்தத் தைரியத்தில்தான் கண் எழுத்தின் மேல் நகர்கிறது. இரண்டு முறை படித்ததும் வரிகளைத் துண்டாக்கிக் கலைத்து, மறுபடி அடுக்கச் சொல்லுங்கள்.

படி 4: எழுத்துருவைக் கவனியுங்கள். அளவு 18க்குக் குறைய வேண்டாம். 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிகிற எழுத்துரு புதிதாகப் படிப்பவரைக் குழப்பிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பளிச்சென்று வேறுபட வேண்டும். (அப்படியும் திணறுகிறாரா? கண்ணாடி தேவையா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் கோளாறு தாளில் இல்லை.)

படி 5: ஆங்கிலத்துக்குத் தனித் தாள். எழுத்தின் பெயரை ஒப்பிப்பதைத் தள்ளிப்போட்டு, ஒலியைத் தாருங்கள். 'டபிள்யூ' என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி எங்கே இருக்கிறது? 26 எழுத்து, ஏறக்குறைய 44 ஒலி என்னும் மொழி அது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறோடு தொடங்கினால் பின், டின், பேன்ட் என்று முதல் நாளே படித்துவிடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழில் பொருள் மட்டும் எழுதுங்கள். உச்சரிப்பையும் தமிழில் எழுதிவிட்டால் கண் அங்கேயே நின்றுவிடும்.

படி 6: வீட்டுக்கு ஒரு பிரதி. படி 3இல் வந்த கதையை மடித்துத் தைத்து, படம் வரைய இடம் விட்டுக் கொடுங்கள். பெரியவர் படிக்க, பிள்ளை வரையட்டும். பிள்ளையை ஆசிரியராக்கிவிடாதீர்கள், தன் வீட்டிலேயே மாணவராக உட்கார்வது பலருக்குக் கூச்சம்.

அச்சடிக்கும் முன் ஒரே ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறித்து, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.