குளத்துக்குக் கால் உண்டு: குமரி மாவட்டத்தில் தண்ணீரை நாம் கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

எங்கள் பக்கத்துக் குளங்களுக்கெல்லாம் கால் உண்டு. தண்ணீர் வந்து சேர்வது வரத்துக்கால், நிறைந்து வழிவது மறுகால். ஒரு குளத்தின் மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் திறக்கிற தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து, மடை ஏறி, குளம் நிறைத்து, வயலில் பாய்ந்து, கிழக்கே மிஞ்சியது பழையாற்றில் சேர்ந்து மணக்குடியில் கடலுக்குப் போகிறது. குளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். காலை வெட்டிவிட்டுத்தான் சொல்கிறோம்.

2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. அதற்கு முன்பிருந்தே வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. "குளத்திலா கட்டினோம், வயலில்தானே" என்பது வழக்கமான சமாதானம். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நடவுக்கு முழங்கால் தண்ணீர் நின்ற வயல் அது. நான்கு லாரி செம்மண் அடித்து மேடாக்கினால் அந்தத் தண்ணீர் மாயமாகிவிடாது, தாழ்ந்து கிடக்கிற பக்கத்து வீட்டுக்குப் போகும். 2021 நவம்பர் வெள்ளத்தில் இது பலருக்குக் கண்முன்னே தெரிந்தது.

இதைவிட மோசமானது, வீட்டுக்கு வழி வேண்டும் என்று ஓடையில் சிமெண்ட் குழாயைப் போட்டு மேலே மண் மூடுவது. குழாய் கொஞ்சம் சின்னதாக இருந்தால் என்ன என்று தோன்றும். அதே சரிவில் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதில் ஓடக்கூடிய தண்ணீர் பாதியாகாது, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். போதாததற்கு ஒரு தென்னமட்டை வந்து அடைத்தால் முடிந்தது கதை.

சரி, கழிவுநீருக்கு வருவோம். இதில்தான் நம் ஆட்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம். "இருபது வருஷம் ஆச்சு, எங்க டேங்கு நிறைஞ்சதே இல்லை" என்று பெருமையாகச் சொன்ன ஒரு உறவினரை எனக்குத் தெரியும். நிறையவில்லை என்றால் எங்கோ போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது செப்டிக் டேங்கே இல்லை, அடி பூசாமல் உறை இறக்கிய குழி. நம் செம்மண்ணில், சரல் மண்ணில் அது சுலபமாக ஊறி இறங்கும். பத்தடி தள்ளிக் குடிக்கிற கிணறு இருக்கும். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டராவது வேண்டும் என்பது கணக்கு. ஐந்து சென்ட் மனையில் அந்த 18 மீட்டருக்கு எங்கே போவது? அங்கேதான் பாதாளச் சாக்கடை வேண்டியிருக்கிறது.

அடி, சுவர் எல்லாம் பூசிய உண்மையான செப்டிக் டேங்க் கட்டியவர்கள் செய்யும் தவறு வேறு. அதன் வேலை கசடைக் கீழே தங்கவைப்பதுதான். வெளியே வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி அப்படியே இருக்கும். அதை நேராகச் சாலையோர ஓடையில் விடக்கூடாது, உறிஞ்சுகுழிக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். எடுக்க வருகிற லாரி அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று கேட்கவும் வேண்டும். ராத்திரியில் சானலில் திறந்துவிட்டுப் போவதற்கா நாம் காசு கொடுக்கிறோம்?

அடுக்களைத் தண்ணீரை யாரும் கழிவு என்றே நினைப்பதில்லை. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள், அதில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். நான்கு பேர் உள்ள வீட்டில் 430 லிட்டர். இதில் கக்கூஸ் தண்ணீர் கொஞ்சம்தான், மீதி குளியல், துணி, பாத்திரம். சோப்பும் சோற்றுக்கஞ்சியும் சானலில் இறங்கினால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குளத்துக்கு இலவச உரம். அப்புறம் ஆகாயத்தாமரை வளராமல் என்ன செய்யும்? சத்து கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. வருஷா வருஷம் ஜேசிபி வைத்து அள்ளிக் கரையிலேயே குவிக்கிறோம். அது அழுகி, அடுத்த மழையில் அதே சத்து குளத்துக்குள் போகிறது.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பது அடுத்த கற்பனை. முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கினால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுகிறவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. அந்தக் குழாய் மழைக்காகப் போட்டதே இல்லை. தாழ்ந்த தெருவில் அது பொங்கி வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி வழி இல்லாமல் முடியாது.

இரண்டு மழை இருக்கிறதே என்ற நினைப்பும் ஏமாற்றும். நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தருகிற முக்கடல் அணை கோடையில் மைனஸ் அடிக்கு, அதாவது அளவுகோலின் பூஜ்யத்துக்கும் கீழே, போவதைச் செய்தியில் பார்த்திருக்கிறோம். கடற்கரை ஊர்களில் போர் போட்டு இழுத்தால் இன்னும் சிக்கல், நன்னீர் இறங்க இறங்க அடியிலிருந்து உப்பு ஏறும்.

குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று செய்வதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். சுற்றிக் கான்கிரீட் சுவர், நடைபாதை, கலர் விளக்கு. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. அங்கே பறவைகள் வருவது ஆழம் குறைந்த ஓரங்களுக்கும் சேற்றுக்கும் கோரைக்கும்தான். செங்குத்தாகச் சுவர் கட்டினால் கால் நீண்ட பறவைக்கு நிற்க இடமில்லை. சுவர் எழும்பும்போது சுற்றிலுமிருந்து வரும் சின்னச் சின்ன வரத்துகளும் அடைபடும். தூர்வாருகிறேன் என்று வண்டலுக்குக் கீழேயும் தோண்டினால் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் களிமண் படுகை கிழிந்து, குளம் ஒழுகத் தொடங்கும்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்த சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு) இணையத்திலேயே எடுத்து, ஓடையோ சானலோ குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். புரோக்கர் பங்குனியில்தான் கூட்டிக்கொண்டு போவார்.