கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் பிறப்புறுப்புத் தொற்று: எந்த மருந்து, எப்படி?

கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு. அரிப்பு, எரிச்சல், நாற்றம், நிறமாற்றம் இருந்தால்தான் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் மாத்திரைக்கு முன் ஸ்வாப் பரிசோதனை (பஞ்சுக்குச்சியால் கசிவின் மாதிரி எடுத்துச் சோதிப்பது). காரணம், கீழே சொல்லும் மூன்று தொற்றுகளுக்கும் ஒரே மருந்து அல்ல.

மீன்வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படுவது பெரும்பாலும் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது பிறப்புறுப்பில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதால் வருவது. இதற்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது மெட்ரோனிடசோல் 500 மி.கி., நாளுக்கு இருவேளை, 7 நாள். முதல் மூன்று மாதங்களில் கொடுக்கலாமா என்ற பயம் பழையது. விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தது. கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளில் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் 300 மி.கி., அதுவும் இருவேளை, 7 நாள். மெட்ரோனிடசோலை உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும். வாயில் உலோகச் சுவை வருவது ஆபத்தில்லை. நாற்றம் போனதும் பாதியில் நிறுத்துவதே பலர் செய்யும் தவறு.

உடலுறவால் பரவும் ஒட்டுண்ணியான டிரைக்கோமோனாஸுக்கும் மெட்ரோனிடசோல்தான், ஆனால் துணைவரும் சிகிச்சை எடுக்காவிட்டால் திரும்ப வரலாம்.

தயிர்போலக் கட்டியாகப் பட்டு அரித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதைக் கூட்டவே செய்யும். க்ளோட்ரிமசோல் கிரீம் அல்லது உள்ளே வைக்கும் மாத்திரை 7 நாள் போதும். ஃப்ளூகோனசோல் மாத்திரை இந்த மாதங்களில் வேண்டாம். டினிடசோல், டாக்ஸிசைக்ளின் இரண்டையும் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள்; வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் தொடாதீர்கள். உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது.

காய்ச்சல், அடிவயிற்று வலி, இரத்தக்கசிவு எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.