மருந்துக்கடை வரிசையை முகம் கோணாமல் நடத்துவது எப்படி?

காத்திருப்பதைச் சனம் பொறுத்துக்கொள்ளும். பின்னால் வந்தவர் முன்னால் வாங்கிக்கொண்டு போனால்தான் கோபம் வரும். யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பாமசி திறப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

1. மருந்து கொடுக்க இரண்டு பேர் நின்றாலும் வரிசை ஒன்றே இருக்கட்டும். யாருடைய கை ஒழிகிறதோ, முன்னால் நிற்பவர் அவரிடம் போகலாம். இரண்டு வரிசை வைத்தால், ஒருவருடைய நீண்ட மருந்துத் துண்டு பின்னால் நிற்கும் எல்லாரையும் மறித்துவிடும்.

2. இடம் சின்னதென்றால் நம்பர் கொடுங்கள். மெஷின் வேண்டாம், மட்டை வெட்டி எழுதினால் போதும். கையில் நம்பர் இருந்தால் வயதானவர்கள் வாங்கில் இருக்கலாம். கூப்பிடும்போது வெளியே போயிருந்தவரைக் கடைசிக்கு அனுப்பாமல், திரும்பி வந்ததும் அடுத்த ஆளாக எடுங்கள்.

3. எவ்வளவு நேரமாகும் என்று சொல்லுங்கள். ஒருவருக்கு 3 நிமிடம், முன்னால் 8 பேர், கொடுப்பவர்கள் இரண்டு பேர் என்றால் 12 நிமிடம். "கால் மணித்தியாலம் ஆகும், அம்மா" என்று கூட்டியே சொல்லுங்கள்.

4. இனித்தான் கஷ்டமான பகுதி: தெரிந்த ஆட்கள். "தம்பி, ஒரு பனடோல் காட் மட்டும்" என்று பக்கவாட்டில் ஒரு கை நீளும். காணாததுபோல் இருந்தால் மரியாதையில்லை. கொடுத்தாலோ வரிசை குலைந்துவிடும். முகத்தைப் பார்த்து, "அண்ணை, இவைக்குக் குடுத்திட்டு வாறன், லைனில வாங்கோ" என்று சொல்லுங்கள். "எல்லாரும் நிக்கினம், கண் தெரியேல்லையோ?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவர் பிறகு கடைப்பக்கமே வரமாட்டார். மாமா, சித்தப்பா என்றாலும் இதே பதில்தான். வீட்டில் ஒரு நாள் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. இப்படிச் சின்னச் சாமானுக்கு வருபவர்கள் அதிகம் என்றால், அதற்கென்றே ஓர் ஆளை நிறுத்தி, எல்லாருக்கும் தெரிய எழுதிப் போடுங்கள்.

5. கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள், நடக்க முடியாதவர்களுக்கு முதலிடம் என்பதையும் பலகையில் எழுதுங்கள். வேறு அவசரம் வந்தால், எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த ஐயாவுக்கு முதல்ல குடுக்கட்டோ?" என்று கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு.

6. மாதாமாதம் மருந்து எடுப்பவர்களை நெரிசல் குறைந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் பிரித்ததும் இதே வழிதான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயில் பக்கத்துக் கடைகளுக்குப் பின்னேரத்தில் இன்னொரு கை தேவைப்படும்.

7. பூட்டும் நேரம் நெருங்கினால், வரிசையின் கடைசி ஆளிடம் போய், "உங்களோட முடிக்கிறம், பின்னால வாறவைக்கும் சொல்லிவிடுங்கோ" என்று சொல்லுங்கள்.