பழைய கருவிப்பெட்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தச்சரோ பட்டறைத் தொழிலாளரோ வாழ்நாள் முழுவதும் சேர்த்த கருவிகளோடு ஒரு பெட்டி நம் கைக்கு வந்து சேரும்போது, அதை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அந்தக் கேள்விக்குத் தவறான விடை காண்பவர்களைவிட, விடை காண்பதற்கு முன்பே பெட்டியின் மதிப்பைக் குலைத்துவிடுபவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. துருவைத் தேய்த்து எடுப்பது, உதிரியாகக் கிடக்கும் திருகுகளைக் குப்பையில் கொட்டுவது, பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுவது, நல்லதாகத் தெரியும் ஒன்றிரண்டை மட்டும் முதலில் விற்றுவிடுவது ஆகிய எதையும் செய்தபின் மீட்க முடியாது. விற்பனையை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். தேய்த்து அழித்த தயாரிப்பாளர் முத்திரையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. எனவே, திருத்த முடியாத தவறுகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சுத்தம் செய்யும் அவசரம்

பளபளப்பாக்கினால் விலை கூடும் என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருக்கிறது. பழைய கருவிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தலைகீழானது. கைரம்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1840-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கப்பட்ட டிஸ்டன் நிறுவனத்தைப் போன்ற பெரிய தயாரிப்பாளர்கள், ரம்பத் தகட்டின் மீது தங்கள் பெயரையும் சின்னத்தையும் அமிலத்தால் மிக மெல்லிதாகப் பொறித்தனர். பல ஆண்டுக் கறைக்கு அடியில் அந்தப் பொறிப்பு கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். கம்பித் தூரிகை பொருத்திய எந்திரத்தையோ முரட்டு உப்புத்தாளையோ அதன் மேல் ஓட்டினால் கறையோடு பொறிப்பும் போய்விடும். எஞ்சுவது பெயரில்லாத ஓர் இரும்புத் தகடு. மைக்ரோமீட்டர், வெர்னியர் கேலிப்பர் போன்ற அளவுக் கருவிகளில் இழப்பு இன்னும் பெரிது, ஏனெனில் அவற்றின் அளக்கும் முகங்களைத் தேய்த்துவிட்டால் கருவி தன் வேலையையே இழந்துவிடுகிறது.

துருவைக் கரைக்கும் முறைகளிலும் எச்சரிக்கை தேவை. வினிகரில் நீண்ட நேரம் ஊறவைத்தால் துருவோடு நல்ல எஃகின் மேற்பரப்பும் அரிக்கப்பட்டு, நிறம் மங்கிச் சொரசொரப்பாகிவிடும். சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் முறை பயனுள்ளதுதான். ஆனால் அதில் சாதாரண இரும்புத் துண்டுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டை மின்முனையாக வைத்தால், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய குரோமியச் சேர்மம் அந்த நீரில் சேரும். பெட்டியின் மீதுள்ள பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்குவது விலைக்கு மட்டுமன்றி உடலுக்கும் கேடு. முடிவெடுக்கும் வரை செய்யத் தக்கது இவ்வளவே: மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, சிறிதளவு மெல்லிய எந்திர எண்ணெய் தொட்ட துணியால் இரும்புப் பகுதிகளைத் துடைத்துவிடலாம். காகித ஒட்டுச்சீட்டுகள், இழுப்பறைகளில் ஒட்டியுள்ள கம்பளித் துணி ஆகியவற்றின் மீது எண்ணெய் படக் கூடாது. துருவை நீக்கியே ஆக வேண்டும் என்றால், வாங்குபவர் அதைத் தம் விருப்பப்படி செய்துகொள்ளட்டும்.

உதிரிகளைக் குப்பை என்று நினைப்பது

பெட்டியின் அடியில் கிடக்கும் சிறு இரும்புத் துண்டுகளும், எதற்கென்றே தெரியாத திருகுகளும், பெயரில்லாத தகட்டுக் கத்திகளும் பார்வைக்குக் கழிவாகத்தான் தோன்றும். இழைப்புளி என்பது மரத்தைச் சீவிச் சமப்படுத்தும் கருவி. அமெரிக்கக் கருவித் தயாரிப்பாளரான ஸ்டான்லி நிறுவனத்தின் 45-ஆம் எண் கூட்டு இழைப்புளியைப் போன்ற ஒன்றுக்கு மாற்றி மாற்றிப் பொருத்தும் பல வெட்டுக் கத்திகளும், நீட்டுத் தண்டுகளும், மரத்தின் விளிம்பை ஒட்டிக் கருவியை நேராக நகர்த்த உதவும் ஓரந்தாங்கியும் உண்டு. அவை எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது முழுமையான கருவி. ஸ்டான்லி இழைப்புளிகளின் திருகுகள் பலவற்றின் மரை, கடையில் கிடைக்கும் பொதுவான அளவுகளோடு பொருந்துவதில்லை. 12-ஆம் எண் பருமனில் ஓர் அங்குலத்துக்கு 20 மரை கொண்ட திருகு அவற்றில் ஒன்று. அப்படி ஒரு திருகைத் தொலைத்துவிட்டால், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு பழைய இழைப்புளியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் இழுப்பறையிலும் எது எந்த இடத்தில் இருந்தது என்று படமெடுத்துவிட்டு, அந்த இழுப்பறையில் இருந்தவற்றைத் தனித்தனிப் பைகளில் போட்டுவைப்பதே பாதுகாப்பு.

காகிதங்களுக்கும் இதே கவனம் வேண்டும். இங்கிலாந்தின் சாட்டம் ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் சீட்டன் என்ற தச்சருக்காக அவருடைய தந்தை 1796-இல் லண்டன் வணிகரிடம் வாங்கித் தந்த கருவிகள், ராச்செஸ்டர் நகரின் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தத் தொகுப்பை ஆய்வாளர்கள் இவ்வளவு போற்றுவதற்குக் காரணம் கருவிகளின் தரம் மட்டுமன்று. சீட்டன் தாமே செய்த பெட்டியும் கருவிகளின் கையெழுத்துப் பட்டியலும் அவற்றோடு சேர்ந்தே தப்பிப் பிழைத்திருக்கின்றன. நம் கையில் உள்ள பெட்டி அந்தத் தகுதிக்கு வராது என்றாலும், பழைய ரசீது, விலைப்பட்டியல், தொழிற்சங்க அட்டை, கருவி வந்த அட்டைப்பெட்டி ஆகியவை அது யாருடையது, எக்காலத்தது என்பதற்குச் சான்றாகின்றன.

எழுத்தைத் தவறாகப் படிப்பது

இழைப்புளியின் உடலில் ஓர் ஆண்டு வார்க்கப்பட்டிருந்தால், அதுவே அது செய்யப்பட்ட ஆண்டு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது காப்புரிமை பெற்ற நாள். செய்த நாள் அன்று. பெய்லி என்பவரின் வடிவமைப்பில் ஸ்டான்லி செய்த இழைப்புளிகள் சிலவற்றில் 1902 மார்ச், 1902 ஆகஸ்ட், 1910 ஏப்ரல் என்ற மூன்று தேதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் காணப்படும். முதல் வரியை மட்டும் பார்த்து 1902-இல் செய்தது என்று விளம்பரம் செய்தால், மூன்றாவது வரியே அதைப் பொய்யாக்கிவிடும், ஏனெனில் அது 1910-க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. மர இழைப்புளிகளில் வேறொரு குழப்பம் உண்டு. அவற்றின் முன்முகத்தில் தயாரிப்பாளர் முத்திரையோடு, அதை அடுத்தடுத்து வைத்திருந்த தொழிலாளர்களின் பெயர்களும் அடிக்கப்பட்டிருக்கும். உரிமையாளரின் பெயரைத் தயாரிப்பாளரின் பெயராகக் கருதித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்படித் தேடிச் சலித்தவர், தம்மிடம் இருப்பது மதிப்பற்றது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. ஸ்டான்லி 4-ஆம் எண் இழைப்புளி மிகப் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. நல்ல உழைப்பாளிக் கருவி, ஆனால் அரியது அன்று. அதே வரிசையில் ஏறத்தாழ 5½ அங்குலமே நீளமுள்ள 1-ஆம் எண் இழைப்புளியோ சேகரிப்பாளர்கள் தேடி அலைவது. தச்சு வேலைக்கு 4-ஆம் எண்தான் பயன்படும் என்பது இதிலுள்ள வேடிக்கை. எது அதிகம் உழைத்ததோ அதற்கே அதிக விலை என்ற எளிய கணக்கு இந்தச் சந்தையில் செல்லாது.

கேட்கும் விலையை விலை என்று நம்புவது

இணையத்தில் ஒருவர் ஒரு கருவிக்குப் பெரிய தொகை கேட்கிறார் என்பதற்கு, அவர் அவ்வளவு கேட்கிறார் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அது பல மாதங்களாக விற்காமல் கிடக்கலாம். பார்க்க வேண்டியது விற்று முடிந்த ஏலங்களின் விலை. அதிலும் ஒரே ஒரு பெரிய விற்பனையைப் பிடித்துக்கொள்ளாமல், நம்மிடம் உள்ளதை ஒத்த நிலையில் இருந்த பலவற்றைப் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு, உடைந்த கைப்பிடி, வேறொரு கருவியிலிருந்து எடுத்துப் பொருத்திய கத்தி ஆகியவை விலையைப் பாதிக்கும் மேலாக இறக்கிவிடக்கூடும்.

முழுப் பெட்டியையும் ஒரே தொகைக்குத் தரும்படி ஒருவர் கேட்டால், அவர் கண் பெரும்பாலும் ஒன்றிரண்டு கருவிகளின் மீது இருக்கும். அதில் குற்றம் ஏதும் இல்லை; எல்லாவற்றையும் தூக்கிச் சென்று, விற்காதவற்றைச் சுமப்பதும் அவர்தான். அந்த ஒன்றிரண்டு எவை என்று தெரியாமல் நாம் ஒப்புக்கொள்வதே தவறு. இதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்று தொடங்குபவர்கள் கனமான இரும்பை அனுப்பும் செலவையும், கட்டும் உழைப்பையும், முன்னும் பின்னுமான கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறந்தவற்றை மட்டும் பிரித்து விற்றபின் எஞ்சும் சாதாரணக் கருவிகளை வாங்க ஆள் வருவது கடினம். முதலில் பட்டியல் தயாரித்து, தனியாக விற்க வேண்டியவை எவை, சேர்த்துத் தர வேண்டியவை எவை என்று காகிதத்தில் பிரித்துப் பார்ப்பது செலவில்லாத வேலை.

பெட்டியை வெறும் பெட்டியாகக் காண்பது

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய, அமெரிக்கத் தச்சர் பெட்டிகள் பல, வெளியே சாதாரண மரத்தில் மங்கலான வண்ணம் பூசியவையாகவும், மூடியைத் திறந்தால் உள்ளே அழகிய மர ஒட்டுவேலை கொண்டவையாகவும் இருக்கும். பணியிடங்களில் அடிபடும் வெளிப்புறத்துக்கு வண்ணமும், உரிமையாளரின் கைத்திறனைக் காட்டும் உட்புறத்துக்கு அலங்காரமும் என்பதே அதன் ஏற்பாடு. அந்த வெளி வண்ணத்தைச் சுரண்டி வார்னிஷ் பூசுவதும், உள்ளே நகரும் தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டியைக் காபி மேசையாக்குவதும், பார்க்க அழகாக இருந்தாலும், பெட்டியைப் பெட்டியாக இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. பியானோ தயாரிப்பில் வேலை செய்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) செய்த புகழ்பெற்ற சுவர்ப் பெட்டியில் ஏறத்தாழ 300 கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து இடம் செய்திருக்கிறார். கருவிகளை எடுத்துவிட்டால் பெட்டிக்கும், பெட்டியை விட்டால் கருவிகளுக்கும் பாதிப் பொருள்கூட மிஞ்சாது.

இயந்திரத் தொழிலாளர்களின் சிறிய இழுப்பறைப் பெட்டிகளுக்கும் தனி மதிப்பு உண்டு. 1906-இல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் தொடங்கப்பட்ட கெர்ஸ்ட்னர் நிறுவனத்தின் ஓக் மரப் பெட்டிகள் காலியாக இருந்தாலும் விலை போகின்றன. இவ்வகைப் பெட்டிகளில் முன்பலகை கழன்று, கீழ் இழுப்பறைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் செருகிக்கொள்ளும்; அது இல்லாத பெட்டி குறையுள்ளது. பூட்டியிருக்கும் பெட்டியை நெம்பித் திறப்பதைவிடப் பூட்டுத் தொழிலாளிக்குச் சிறு தொகை கொடுப்பது மேல்.

என்றாவது பயன்படும் என்று வைத்துக்கொள்வது

வைத்துக்கொள்பவர்களின் தவறுகள் மெதுவானவை. ஆனால் அவையும் தவறுகளே. பயன்படும் என்று சொல்லும்போது எந்த வேலைக்கு, யாருக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்மொழிந்த திருகு முறையைப் பின்பற்றிய ஸ்பேனர்களில், பொறித்திருக்கும் எண் திருகுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். நட்டின் அகலத்தை அன்று. ¼ என்று பொறித்த ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்துக்கும் சற்று அதிகம். மில்லிமீட்டர் நட்டுகளோடு மட்டும் வேலை செய்பவருக்கு இந்தத் தொகுதி முழுவதும் வெறும் சுமை; பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளைச் சீரமைப்பவருக்கோ இது இல்லாமல் வேலை நகராது. அவரிடம் போய்ச் சேர்வதே அந்த ஸ்பேனர்களுக்கும் நல்லது.

அடி வாங்கி வாங்கித் தலை காளான்போல் விரிந்துவிட்ட இரும்பு உளிகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் போக்கிவிடும். மின்காப்பு நைந்துபோன பழைய மின்கருவிகளைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று செருகுவதும் அப்படித்தான்.

நினைவுக்காக வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நினைவு பெட்டி முழுவதிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கைப்பிடி தேய்ந்த ஒரு சுத்தியலோ, பெயர் அடித்த ஓர் இழைப்புளியோ போதும் என்று தோன்றினால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கேட்டுவிட வேண்டும். தனக்கு வேண்டாத பெட்டி வேறு யாருக்கும் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்வதால் வரும் மனக்கசப்பு, பெட்டியின் விலையைவிடப் பெரிதாகிவிடும்.

விற்பதானாலும் வைப்பதானாலும்

எல்லை கடந்து விற்கும் எண்ணம் இருந்தால், கருவி எந்தப் பொருளால் ஆனது என்று பார்க்காமல் அனுப்பிவிடக் கூடாது. ஸ்டான்லி நிறுவனத்தின் பழைய கைப்பிடிகளுக்குப் பயன்பட்ட பிரேசில் ஈட்டி மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992 முதல் இடம் பெற்றிருக்கிறது. பழைய அளவுகோல்களில் காணப்படும் யானைத் தந்தத்துக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. உரிய சான்று இல்லாத பொதி சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால், ஈரமான தரைமீதோ வெளிச்சுவரை ஒட்டியோ பெட்டியை வைப்பதே மிகப் பொதுவான தவறு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் வெகுவாகக் கூடுகிறது. ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடுவதால், இறுக மூடிய ஓக் பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால் கருவிகள் இன்னும் விரைவில் கெடும். பெட்டியைச் சிறு கட்டைகளின் மீது உயர்த்தி வைத்து, இரும்புப் பகுதிகளில் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, துருவைத் தடுக்கும் ஆவி ஊட்டிய காகிதத்தை இழுப்பறைகளில் இட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கத்திகளைத் தோல் உறைக்குள் செருகி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் ஈரமும் கூர்முனையைத்தான் முதலில் அரிக்கும்.